ஒரு டம்ளர் பச்சைச் சாறு

ஊர்த் தலைவரே, முதலில் அந்த மின்விசிறியைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். முப்பது வருஷமாகக் கரி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து விசிறுகிறவள் நான். எனக்கென்று யாராவது விசிறினால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. சரி, இப்போது நன்றாக இருக்கிறது. எழுதுகிற பெண்ணை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். நானும் நிதானமாகவே சொல்கிறேன்.

பெயர் கொன்சோர்சியா. ஊரில் எல்லாருக்கும் சியாங். வயது ஐம்பத்தெட்டு. வெளியே பெஞ்சில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாளே மின்யாங், அவள் என் ஒரே தங்கை, நாற்பத்தொன்பது. அவள்தான் என் மேல் புகார் கொடுத்திருக்கிறாள். எந்தச் சட்டத்தில் இதை எழுதுவது என்று நேற்றிலிருந்து நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டிருப்பதாகக் கேள்வி. பாவம் நீங்கள். திருட்டு இல்லை, அடிதடி இல்லை. பன்றிக்கறியில் அன்னாசிச் சாறு ஊற்றினேன், அவ்வளவுதான். அதைத்தான் இந்த ஊரில் எல்லாரும் செய்கிறார்கள்.

எங்கள் கடையில் குச்சியில் குத்திச் சுடுகிற கறி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமைதோறும் பன்னிரண்டு குச்சி வாங்கி, வீட்டுக்குப் பத்துதான் கொண்டுபோகிறவர் நீங்கள். உங்கள் மனைவியிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. ரகசியம் காப்பதில் நான் கெட்டிக்காரி.

முன்னால் உட்கார்ந்து விசிறுவதும் விற்பதும் நான். ருசி மின்யாங்குடையது. கறியை மெல்லிசாக அரிவாள், மூங்கில் குச்சியில் நெளிநெளியாகக் குத்துவாள், நுனியில் ஒரு துண்டு கொழுப்பு வைப்பாள். பிறகு தட்டில் அடுக்கி ஊறல் ஊற்றுவாள்: சோயா சாஸ், பூண்டு, வெல்லம், வாழைப்பழக் கெச்சப், குட்டி எலுமிச்சை நாலு, கடைசியில் டப்பாவில் வருகிற அன்னாசிச் சாறு. ஆமாம், டப்பாச் சாறுதான். நெடுஞ்சாலை இரண்டு பக்கமும் அன்னாசி மலைமலையாகக் குவிந்து கிடக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு டப்பா வாங்குகிறவர்கள் நாங்கள். அம்மா அப்படித்தான் செய்தாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அம்மா சாகும்போது என் கையைப் பிடித்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "சின்னவளத் தனியா விட்டுடாதடி." அப்போது மின்யாங்குக்கு இருபத்துமூன்று. என்னைப் பெண் கேட்டு யாரும் வந்ததில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, நாள் முழுக்கக் கரி அப்பிய முகத்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள். மின்யாங்கை ஆண்டவன் அப்படியா படைத்தான். பாடிக்கொண்டே கறி அரிவாள். அந்தப் பாட்டைக் கேட்கவே கடைக்கு வருகிறவர்கள் இருந்தார்கள்.

முதல் தடவை நடந்தது சத்தியமாக ஒரு தவறு. அதை அந்தப் பெண் தனி வரியில் எழுதட்டும்.

பத்தொன்பது வருஷம் முன்னால். அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த தியோஃபிலோ தன் அப்பா, அம்மா, அத்தையோடு பெண் கேட்டு எங்கள் வீட்டுப் படி ஏறுவதாக ஏற்பாடு. புயல் அடித்து ஏரிக்கரைச் சாலை முழுகிவிட்டது. மளிகைக் கடையில் ஒரு டப்பாச் சாறுகூட இல்லை. மின்யாங் என்னைத்தான் அனுப்பியிருந்தாள். வெறுங்கையோடு திரும்ப மனம் வராமல் ஒரு பழத்தை வாங்கிச் சீவி, துணியில் பிழிந்து, வடிகட்டிக் கொடுத்தேன். டப்பாவோ பழமோ, அன்னாசி அன்னாசிதானே என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவும் இல்லை.

சாயங்காலம் விருந்தாளிகள் எல்லாம் வட்டமாக நிற்க, மின்யாங் புது உடுப்பு உடுத்திக்கொண்டு முதல் கைப்பிடிக் குச்சிகளை அடுப்பில் வைத்துத் திருப்பினாள். கறி கூழாகிக் குச்சியை விட்டு நழுவித் தணலில் விழுந்தது. அடுத்த குச்சியும் அப்படியே. ஐம்பது குச்சியும் அப்படியே.

தியோஃபிலோவின் அத்தை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "பொண்ணு கேக்க வந்த அன்னிக்கே கறி நெருப்புல விழுது. இது நல்லதுக்கில்ல. வாங்க போலாம்" என்றாள். போய்விட்டார்கள். சோற்றைக்கூடத் தொடவில்லை, மரியாதை தெரியாத ஜனங்கள்.

மறுநாள் நான் இரண்டு குச்சியில் பச்சைச் சாறும் இரண்டு குச்சியில் டப்பாச் சாறும் ஊற்றிப் பார்த்தேன். விஷயம் புரிந்தது. மின்யாங்கிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். நாளைக்குச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சொல்லலாம் என்று தள்ளிப்போயிற்று. ஒரு வாரம் கழித்து அவள் பழையபடி என் பக்கத்தில் உட்கார்ந்து கறி அரிய ஆரம்பித்தாள். மெல்ல ஒரு பாட்டும் வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம், சொல்ல வந்தது மறந்தே போயிற்று.

இரண்டாவது ஆள் ஆர்காடியோ. ஊருக்கு ஊர் ஆள் ஏற்றிப்போகிற ஜீப்னி வண்டி ஓட்டுகிறவன், வாய் நிறையச் சிரிப்பு, தங்கமான பையன். இது பதினோரு வருஷம் முன்னால். கல்யாணமானால் மின்யாங்கை மலைக்கு அந்தப் பக்கம், அவன் ஊருக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு. அங்கே அவளுக்கு யாரைத் தெரியும், சொல்லுங்கள். அம்மாவுக்கு நான் கொடுத்த வாக்கு என்ன ஆவது.

அவர்கள் வருகிற அன்று காலையில் மின்யாங் கறியை ஊறப்போட்டுவிட்டு, மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றக் கோயிலுக்குப் போனாள். நான் ஒரு பழத்தைப் பிழிந்தேன். ஒரு டம்ளர். அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. ஏற்கெனவே அன்னாசி வாசம் அடிக்கிற ஊறலில் இன்னொரு டம்ளர் அன்னாசி யாருக்குத் தெரியும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, தலைவரே. ஒரு வார்த்தையே பேசவில்லை.

கறி விழுந்தது. ஆனால் ஆர்காடியோ மற்றவர்களைப் போல இல்லை. "விழுந்தா விழட்டும், வாரிப் போட்டு வறுத்துச் சோத்துல பெசஞ்சிக்கலாம். எனக்குப் பொண்ணுதான வேணும், கறியா வேணும்" என்று சிரித்தான். எனக்கே அவனைப் பிடித்துப்போயிற்று. மின்யாங்தான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரவில்லை. நான் உள்ளே போனேன். தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என் கைராசி அப்படிக்கா. ஊருக்கெல்லாம் நல்லா வருது. எனக்குன்னு ஒருத்தர் வந்தா மட்டும் கெட்டுப்போகுது. அவர் நல்ல மனுஷன். என் கையால அவர் வீடு வெளங்காமப் போக வேணாம். போகச் சொல்லிடு."

போகச் சொன்னேன். அவள் சொல்லித்தான் சொன்னேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று இஞ்சித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன், கால் அமுக்கிவிட்டேன். எந்த அக்கா இவ்வளவு செய்வாள். ஆர்காடியோ மூன்று மாதம் ஜீப்னியைக் கடை வாசலில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, வேறு தடத்துக்கு மாறிப் போய்விட்டான்.

உங்கள் கடைக்குட்டிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது மின்யாங்கை ஞானத்தாயாக நிற்கக் கேட்டீர்களே, நினைவிருக்கிறதா. முடியாது என்றாள். ஞானத்தாயாக நிற்க மறுப்பது குழந்தைக்கு ஆகாது என்று உங்கள் மனைவி ஒரு வருஷம் எங்களோடு பேசவில்லை. மின்யாங்குக்குக் குழந்தை மேல் வெறுப்பு இல்லை. தன் கை பட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். பதினோரு வருஷத்தில் இந்தத் தெருவில் அவள் ஒரு குழந்தையையும் தூக்கியதில்லை. எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பாருங்கள், கறியை மட்டும் தைரியமாகத் தொட்டாள். கடைக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது வந்தவர் கிரிசாந்தோ. படகு செய்கிற தச்சர், மனைவியை இழந்தவர், ஏரிக்கு அக்கரை. பேச்சே கிடையாது. வந்து நிற்பார், எங்கள் கடைப் பெஞ்சின் ஆடுகிற காலைச் சரிசெய்வார், போய்விடுவார். ஆறு மாதத்தில் எங்கள் வீட்டில் ஆடுகிற சாமானே இல்லை. போன மாதம் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்க வந்தார். மின்யாங் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனாலும் காலையில் கோயிலுக்குப் போனாள். நான் ஒரு டம்ளர் பிழிந்தேன்.

கிரிசாந்தோவின் அம்மா உபிங்குக்கு எண்பத்துநாலு வயது. வாயில் ஒரு பல் கிடையாது. பல்செட் படகில் தும்மும்போது ஏரியில் விழுந்ததாம், அதற்குப் பிறகு கஞ்சிதான். இது எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் நான் வேறு யோசனை செய்திருப்பேன்.

கறி வழக்கம்போல நழுவியது. மின்யாங்கின் முகம் வெளுத்துவிட்டது. வாரிக் கொட்டப் போனாள். கிழவி ஒரு கரண்டியோடு குறுக்கே வந்துவிட்டாள்.

"எங்கடி கொண்டு போற? இங்க வை."

ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடினாள். இன்னொரு வாய். பிறகு தட்டை மடியில் வைத்துக்கொண்டு யாரையும் பக்கத்தில் விடவில்லை.

"டேய் கிரிசாந்தோ, பதினோரு வருஷம் கழிச்சு உன் ஆத்தா பன்னிக்கறி திங்கறாடா! வெண்ணெய் மாதிரி எறங்குது. வந்த மருமக எல்லாம் புருஷன் வாயப் பாத்துச் சமைச்சா, இவ என் பொக்க வாயப் பாத்துச் சமைச்சிருக்கா. இவதான் பொண்ணு. நாளப் பாரு. கல்யாணத்துக்கும் எனக்கு இதே கறிதான் வேணும், சொல்லிட்டேன்."

மின்யாங் அழுதுகொண்டே சிரித்தாள். வந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். விருந்து அன்றைக்குக் களைகட்டியது என்றுதான் சொல்ல வேண்டும்.

சிக்கல் அதற்குப் பிறகு. அந்தக் கறியை மறுபடி செய்து பார்க்க மின்யாங் உட்கார்ந்தாள். வராதே. டப்பாச் சாற்றில் எப்படி வரும். கறி குச்சியை இறுகப் பிடித்துக்கொண்டு பளபளவென்று வந்தது. ஞாயிறுதோறும் உபிங் படகேறி வந்து ருசி பார்ப்பாள், ஈறால் மென்று பார்த்துத் துப்பிவிடுவாள். "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது அது இல்லயே பொண்ணே." நாலு ஞாயிறு. நாலாவது ஞாயிறு மின்யாங் மறுபடி உள்ளங்கையை விரித்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

"நல்லது செய்யணும்னு நெனச்சா என் கைக்கு வர மாட்டேங்குதுக்கா. கல்யாணம் வேணாம்னு அவர்கிட்ட சொல்லிடறேன்" என்றாள்.

நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். "உன் இஷ்டம்" என்றேன். அடுப்பை விசிறிக்கொண்டிருந்தேன்.

உபிங்தான் விடவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள். "என்னென்ன ஊத்தற? ஒவ்வொண்ணாக் காட்டு" என்றாள். மின்யாங் காட்டினாள். டப்பாவைப் பார்த்ததும் கிழவி சிரித்துவிட்டாள்.

"இதுவா? இது செத்த சாறுடி. காய்ச்சி அடைச்சது. கறியக் கரைக்கறது பச்சைச் சாறு. இந்தா, என் வெரலப் பாரு, ரேகை இருக்கா? பதினாறு வருஷம் ஃபேக்டரில அன்னாசி வெட்டினேன், தோலையே தின்னுடிச்சு. ஓட்டுப் போட ரேகை வெக்கப் போனா மிஷினுக்கே என்னைத் தெரியல. அன்னிக்கு நீ பழத்தப் பிழிஞ்சுதான் ஊத்தியிருக்க. மறந்துட்ட."

"இந்த வீட்டுல பச்சைச் சாறு ஊத்தினதே இல்லம்மா" என்றாள் மின்யாங்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆர்காடியோ வந்த அன்னிக்கு?" என்று கேட்டாள்.

"ஒரு டம்ளர்தான்" என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். சமையலுக்காக உடுப்பின் மேல் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்து வைத்தாள். கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு படகேறிப் போய்விட்டாள். அன்றிலிருந்து கடைக் கறியை நான்தான் குத்துகிறேன். நீங்களும் இப்போதெல்லாம் ஆறு குச்சியோடு நிறுத்திக்கொள்கிறீர்கள், கவனித்தேன்.

புகாரில் அவள் என்ன கேட்டிருக்கிறாள் என்று படித்துக் காட்டினீர்கள். ஜெயில் வேண்டாமாம், நஷ்டஈடு வேண்டாமாம். அவள் கை நல்ல கை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். அதில் எனக்கென்ன தயக்கம். எழுதிக்கொள்ளம்மா: என் தங்கை கை நல்ல கை. மூன்று தடவையும் கறி கெட்டது என் கையால். முதல் தடவை தெரியாமல், மற்ற இரண்டும் தெரிந்தே. போதுமா.

நேற்று அவள் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, உங்கள் கடைக்குட்டியின் தலையில் கை வைத்தாளாமே. பதினோரு வயதுப் பையன், கூச்சப்பட்டுக்கொண்டு ஓடிவிட்டான் என்றார்கள். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது.

சனிக்கிழமை கல்யாணத்துக்கு இருநூறு குச்சியாம். கிழவிக்குத் தனியாக ஒரு தட்டு வேறு. பச்சைச் சாறு எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்பது எனக்குத்தான் கைப்பழக்கம். ஊறப்போடும் வேலையை என்னிடமே விடச் சொல்லி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள். சரி, வேண்டாம் என்றால் விடுங்கள்.

ஏன் செய்தேன் என்று அந்தக் காகிதத்தில் கடைசியில் ஓர் இடம் விட்டிருக்கிறீர்கள். அதையும் நிரப்பிவிடலாம். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. அவள் போய் இருபத்தாறு வருஷம் ஆகிறது. இந்த இருபத்தாறு வருஷத்தில் மின்யாங்கை நான் ஒரு நாள்கூடத் தனியாக விட்டதில்லை.