நாக்கில் செத்த சர்க்கரை

“எனக்கு சர்க்கரை செத்துப்போச்சு” என்று பின்சீட்டில் ஒருவர் சொன்னதும், செந்துறையிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில் போனில் கேட்டுக்கொண்டிருந்த பாட்டைச் சட்டென்று நிறுத்தினேன். நோய் எப்படிச் சாகும்?

பக்கத்திலிருந்த அவர் மனைவிக்கும் அதே சந்தேகம்.

“எப்படிங்க செத்துச்சு?”

“வீடியோல சொன்னமாரி ஒரு வாரமா சர்க்கரைக்கொல்லி எலைய மெல்லுறேன்ல? இன்னைக்கு மென்னுட்டு டீ குடிச்சேன், துளி இனிக்கல. சீனிய வாயில அள்ளிப் போட்டேன், மணலாட்டம் இருக்குது. பேரே கொல்லிதானே!”

“அதான் மாத்திரை அட்டை பிரிக்காம கெடக்குதா?”

“செத்ததுக்கு எதுக்கு மருந்து?”

“உங்க நோவு நாக்குலயா இருக்குது? ரத்தத்துல இருக்குதுங்க.”

“அப்ப வீடியோ பொய்யா?”

“இனிக்காதுங்கறது நெசம். நானும் நேத்து மென்னு பாத்தேன். வூடு கூட்டி, பாத்திரம் வெளக்கிட்டு வாழப்பழம் தின்னேன், இனிச்சுது. நாக்குலயே அம்புட்டு நேரந்தான் நிக்குது. ரத்தத்துல செத்துருச்சுன்னு யாரு பாத்தா?”

எனக்குத் திரும்பிப் பார்த்துக் கை கொடுக்க வேண்டும் போலிருந்தது.

பஸ் அரியலூருக்குள் நுழைந்தபோது அவர் கேட்டார்.

“ஆஸ்பத்திரி போயி ரத்தம் குடுத்துப் பாத்துருவமா?”

“அதுக்குத்தானே உங்கள ஏத்திட்டு வந்தேன்.”

“சரி. ஆனா டாக்டர்ட்ட எலையப் பத்தி நான்தான் சொல்லுவேன். நீ முந்திக்காத.”

“சொல்லுங்க. மொதல்ல மாத்திரைய நிறுத்துனதச் சொல்லுங்க.”