தீ வச்சது நீயா?

ஹட்டனிலிருந்து வட்டவளை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் சொன்னாள்: "எந் தம்பி பொலிஸ்ல கேட்டதுக்கெல்லாம் 'ஓவ்'னு சொல்லிட்டான்."

"ஏன்க்கா அப்படிச் சொன்னாரு?"

"சிங்களத்துல அவனுக்குத் தெரிஞ்சது ஆமாங்குற அந்த ஒரு சொல்லுதான். முப்பது வயசாகியும் சின்னப்புள்ள புத்தி. யாரு என்னா கேட்டாலும் ஆமாம்பான். தோட்டத்துல தேயிலைக் கொழுந்து நிறுக்குற மடுவத்துக்குத் தீ வச்சது நீயான்னு கேட்டிருக்காங்க. தீப்புடிச்ச அன்னைக்கு அவன் என்னோட வட்டகொடையில கல்யாண வீட்டுல இருந்தான்."

"கோர்ட்ல சொல்லலையா?"

"சொன்னேன். கூடப் பொறந்தவ அப்படித்தான் சொல்லுவான்னுட்டாங்க. பொறகு மனநல டாக்டருகிட்ட அனுப்புனாங்க. நல்ல மனுசன். தமிழ் தெரிஞ்ச நர்ஸ வச்சு, 'வானத்துக்குத் தீ வச்சதும் நீயா?'ன்னு கேட்டாரு. அதுக்கும் ஆமான்னான். இவனுக்குக் கேசு வெளங்காதுன்னு எழுதிக் குடுத்தாரு."

"அப்ப விட்டுட்டாங்களா?"

"எங்க விட்டாங்க? அவனுக்குக் கேசு வெளங்குற வரைக்கும் ஆஸ்பத்திரியில பூட்டி வைக்கச் சொல்லிட்டாங்க. ரெண்டு வருசமாச்சு."

"எப்பத்தான் விடுவாங்களாம்?"

"கொணமானதும் விடுவாங்களாம்." அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பொறந்ததிலேருந்தே அவன் அப்படித்தான் இருக்கான். எதுலேருந்து கொணமாகுறது?"