முந்நூற்றுப் பதினோரு பங்காளிகள்

உங்கள் ஸ்டேஷன் டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் ஐயா. குறையாகச் சொல்லவில்லை, எனக்கு அப்படித்தான் பிடிக்கும். மாசாணத்தின் மனைவி எங்கள் கம்பெனியில் வரனுக்குப் பதிந்திருந்தாரா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு என்னை அனுப்பத்தான் இருந்தீர்கள். நான்தான் உட்கார்ந்துகொண்டேன். இருபத்தொன்பது வயதில் என் பேச்சை ஒருவர் எழுதிக்கொள்வது இதுதான் முதல் தடவை. அதை விட்டுவிட்டு எழுந்து போக மனசு வரவில்லை.

பெயர் நஞ்சுண்டன். பீளமேட்டில் பம்புசெட் கடை மாடியில், இன்டர்நெட்டில் வரன் பார்த்துக் கொடுக்கும் கம்பெனியில் வேலை. கம்பெனி என்றால் முதலாளி, நான், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன். தொண்ணூற்றொன்பதில் கோயமுத்தூரில் இப்படி ஒன்று நடத்துவதே பெரிய விஷயம் என்பார் முதலாளி. என் விசிட்டிங் கார்டில் 'சிஸ்டம்ஸ் மேனேஜர்' என்று போட்டுக் கொடுத்திருந்தார். ஒட்டடை அடிப்பதும் நான்தான்.

எங்கள் தளத்துக்குப் பெண்ணோ மாப்பிள்ளையோ பெயரையும் ரகசியச் சொல்லையும் கொடுத்துத்தான் உள்ளே வர வேண்டும். வந்ததிலிருந்து வெளியே போகிற வரைக்கும், வந்திருப்பவர் இன்னார், அவருடைய விவரம் இன்னது என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் தெரியும். அந்தப் புரோகிராமை எழுதியவன் நான். முதலில் அதை வைத்து வணக்கம் சொல்லத்தான் வைத்தேன். "வணக்கம், மோகனப்பிரியா" என்று திரையில் வரும். பேர் சொல்லிக் கூப்பிடுகிறதே என்று வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பூரிப்பு. முதலாளி எனக்கு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார்.

மோகனப்பிரியா காலேஜில் பாடம் எடுப்பவர். அப்பா பாலுசாமி, பெருந்துறைக்காரர். மகள் தினமும் மதியம் ஒன்று பத்துக்குக் காலேஜ் கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே வருவார். நானும் அதே நேரத்துக்கு டிபன் பாக்ஸைத் திறப்பேன். அவர் எந்த வரனைப் பார்க்கிறார், எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்பதெல்லாம் என் திரையில் வரிவரியாக ஓடும். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்கும். அவர் கொடுத்த போட்டோ ஒன்று ஆபீசில் இருந்தது. அதைக்கூட நான் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை, மேஜை டிராயரில்தான் வைத்திருந்தேன்.

அவர் பார்த்த மாப்பிள்ளைகள் யாரும் எனக்குத் திருப்தியாக இல்லை. ஒருத்தன் பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'தூங்குவது' என்று எழுதியிருந்தான். இவனுக்கா இந்தப் பெண் என்று வயிறு எரிந்தது. எங்கள் பக்கம் ஒரே கூட்டம், அதாவது ஒரே குலம் என்றால் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டோம். உங்களுக்குத் தெரியாததா. மோகனப்பிரியா காடை கூட்டம். நான் புரோகிராமில் நாலு வரி சேர்த்து எழுதினேன். உள்ளே வந்திருப்பது அவர் என்றால், எந்த மாப்பிள்ளையைத் திறந்தாலும் 'காடை கூட்டம்' என்று காட்டும். வேறு யார் பார்த்தாலும் உள்ளதை உள்ளபடி காட்டும். ஒரே மதியத்தில் அவருக்கு முந்நூற்றுப் பதினோரு அண்ணன் தம்பிகள் ஆகிவிட்டார்கள். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

முந்நூற்றுப் பன்னிரண்டாவது ஆள் நான். என் விவரத்தையும் ஏற்றியிருந்தேன், என் கூட்டத்தை மட்டும் மாற்றவில்லை. செல்லன் கூட்டம், கட்டிக்கொள்கிற முறை. உயரத்தில் இரண்டு இஞ்ச் சேர்த்திருந்தேன், அதைத் தவிர எல்லாம் நிஜம். அவர் என் பக்கத்தைத் திறந்தார். பதினோரு விநாடி பார்த்தார். மூடிவிட்டார். எதிரில் ஒரு ஆள்கூட இல்லாத பந்தயத்தில் ஓடித் தோற்றவன் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். சரி, யோசிக்கட்டும், என்ன அவசரம் என்று இருந்துவிட்டேன்.

அவருக்கு அவசரம் இருந்திருக்கிறது. ஆடி முடிய ஐந்து நாள் இருக்கும்போது ஆபீசுக்குப் போன் வந்தது.

"ஏனுங்க, நான் மோகனப்பிரியா பேசறனுங்க. பவானி அருண்குமாருன்னு ஒருத்தரு பதிஞ்சிருக்காருங்களே, அவரு நெசமாவே காடை கூட்டந்தானுங்களா?"

"ஏனுங்க அம்மணி, சந்தேகமுங்களா?"

"பாக்கற வரனெல்லாம் பங்காளியாவே வருதுங்க. இவரு ஒருத்தருதான் பொண்டாட்டி வேலைக்குப் போலாம்னு எழுதியிருக்காரு. எனக்குப் புடிச்சிருந்துச்சுங்க. ஆவணி பொறக்கறதுக்குள்ள நானா ஒருத்தரக் காட்டாட்டி, அத்தை பையன் மாசாணத்துக்கு நிச்சயம் பண்ணிப்போடுவேன்னு அப்பா சொல்லீட்டாருங்க. அவரக் கண்டாலே எனக்குப் பயமுங்க. கொஞ்சம் நல்லாப் பாத்துச் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு நன்றாகவே பார்த்தேன். அருண்குமார், பவானி, தூரன் கூட்டம். இரண்டு நிமிஷம் கழித்து எடுத்தேன்.

"காடைதானுங்க அம்மணி. உங்களுக்கு அண்ணன் முறையாகுதுங்க."

"செரிங்க, வெச்சர்றனுங்க," என்றார். அழுதுகொண்டுதான் சொன்னார். எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு கஷ்டத்திலும் என் பக்கத்தை இன்னொரு தடவை திறந்து பார்க்க அவருக்குத் தோன்றவில்லையே என்று வருத்தமாக இருந்தது.

ஆவணி பிறந்தது, நிச்சயமும் ஆயிற்று. நாலாம் நாள் தளத்தில் அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அவருக்கு வருவதெல்லாம் முதலில் என்னிடம் வரும்படி செய்து வைத்திருந்தேன். கண்டவனும் பெண்களுக்கு எழுதுகிற காலம், ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா. எழுதியவர் சண்முகப்பிரியா, மாசாணத்தை விட்டுப் பிரிந்துபோன முதல் மனைவி.

"கண்ணு, நாம நேர்ல பேசிப் பழகுனதில்ல, இங்க உன்ற பேரப் பாத்துத்தான் எழுதறன். அந்தாளுக்குக் கோவம் வந்தா கையில கெடச்சதை எடுத்து அடிப்பான். என்ற எடது கை இன்னும் மடங்கறதில்ல. உங்கப்பன்கிட்ட இதைக் காட்டிக் கல்யாணத்தை நிறுத்திப்போடு."

நாலைந்து தடவை படித்தேன். அனுப்புகிற பட்டன் வரைக்கும் விரலைக் கொண்டுபோனேன். பாருங்கள், நானும் மனுஷன்தான். ஒரு பட்டனைத் தட்டினால் அடுத்த மதியம் அவர் கண்ணில் பட்டுவிடும். கல்யாணத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. லீவு போடுகிற வரைக்கும் தினமும் ஒன்று பத்துக்கு உள்ளே வந்தார். உங்களுக்குக் கடிதம் எதுவும் இல்லை என்று திரை சொன்னது. போய்விடுவார்.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன். பெண்ணும் மாப்பிள்ளையுமாகப் பந்தி வரிசையில் வந்தபோது அவர் என்னைப் பார்த்து யாரென்று தெரியாமல் கும்பிட்டார். இரண்டு இஞ்ச் குறைந்திருந்ததால் அடையாளம் தெரியவில்லையோ என்னவோ.

மோகனப்பிரியாவுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை, மாசாணம் மண்டையில் அடித்த அடி பலம் என்று காலையில் சொன்னீர்கள். அதனால் முழுசாகவே எழுதிக்கொள்ளுங்கள். கூட்டத்தை மாற்றிக் காட்டியவன் நான். போனில் பொய் சொன்னவன் நான். அந்தக் கடிதத்தை அவர் கண்ணில் படாமல் வைத்திருந்தவனும் நான். ஏன் அனுப்பவில்லை என்றுதானே பார்க்கிறீர்கள்? எங்கள் தளத்தில் ஒரு கடிதத்தை யாராவது திறந்துவிட்டால், பக்கத்தில் 'படிக்கப்பட்டது' என்று தானாக விழுந்துவிடும். அதையும் எழுதித் தொலைத்தவன் நான்தான், எடுக்க வழி தெரியவில்லை. அனுப்பியிருந்தால், தனக்கு வந்ததை வேறொருத்தன் படித்திருக்கிறான் என்று அவர் கண்டுபிடித்திருப்பார். நீங்களே சொல்லுங்கள் ஐயா, அதற்கப்புறம் ஒரு பெண் என்னை நம்பி எப்படிக் கட்டிக்கொள்வாள்?