தொட்டா சொல்லுங்க

– கடுதாசி அப்புறம். முதல்ல சட்டையக் கழட்டிட்டுச் சுவத்தப் பாத்து உக்காருங்க. நர்ஸம்மா, டியூப்லைட்ட அணைச்சிட்டு ஜன்னலத் திறங்க. போனை முதுகுகிட்டக் கொண்டுவாங்க. ம், இப்ப இங்க என் திரையில நல்லாத் தெரியுது.

– டாக்டரம்மா, நியாயமாப் பாத்தா நீங்க பாக்கவே வேணாம். இது யாரு குடுத்த நோய்னு எனக்கே தெரியும். நான் தள்ளி வச்சேனே, என் பொண்டாட்டி, அவ குடுத்தது. அத மட்டும் எழுதிக் குடுங்க.

– அவங்களுக்கு என்ன?

– வெண்குஷ்டம். கையெல்லாம் வெள்ளை வெள்ளையா. கல்யாணமாகி மூணாவது வருஷம் வந்துச்சு. விரட்டிவிட்டேன். 'கிட்ட வராத, என்னத் தொடாத'ன்னு தெருவே கேக்கக் கத்தினேன்.

– தெருவே கேக்கணுமா?

– நாலு பேருக்குத் தெரிய வேணாமா? தப்பிச்சோம்டா சாமின்னு இருந்தேன். ஆறு வருஷம் கழிச்சு என் முதுகுல வெள்ளைத் தேமலா வந்து உக்காந்திருக்கு. தம்பி பொண்டாட்டி எனக்குத் தட்டையே தனியா வச்சிட்டா. பெத்த அம்மா வாசப்படியத் தாண்டி என் ரூமுக்குள்ள வர்றதில்ல. வயிறு எரியுது, டாக்டரம்மா.

– சரி, விடுங்க. கடுதாசிய வச்சு என்ன பண்ணப் போறீங்க?

– அவ எங்கேயோ வேலைக்குப் போறாளாம். நல்லா இருக்காளாம். தேடிக் கண்டுபிடிச்சு, அவ வேலை பாக்குற இடத்து வாசல்லயே ஒட்டுவேன். ஒருத்தன் அவ கையால தண்ணி வாங்கிக் குடிக்கக் கூடாது. அதுதான் நியாயம்.

– சரி, விடுங்க. கண்ண மூடுங்க. நர்ஸம்மா பஞ்ச வச்சு முதுகுல அங்கங்க தொடுவாங்க. தொட்டது தெரிஞ்சா 'ஆமா'ன்னு சொல்லணும். அவ்வளவுதான்.

– இந்தம்மாவுக்கு வாய் இருக்கா இல்லையா? முகத்த மூடிக்கிட்டு, நான் வந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை பேசல.

– பேசினா எப்பத் தொடுறாங்கன்னு நீங்க ஊகிச்சிடுவீங்க. கண்ண மூடுங்கன்னேன்.

– மூடிட்டேன், மூடிட்டேன்.

– தோள்லேர்ந்து ஆரம்பிங்க, நர்ஸம்மா.

– ஆமா... ஆமா... இதுவும் ஆமா.

– இப்ப?

– இன்னும் தொடலையே.

– இப்ப?

– என்னங்க, நின்னுக்கிட்டே தூங்கிட்டாங்களா?

– நர்ஸம்மா, கையுறைய ஏன் கழட்டுறீங்க? ...ஓ. சரி. சரிம்மா. வெறும் விரலாலயே தொடுங்க. அப்படித் தொட்டு ஒட்டிக்கிற நோயில்ல இது. ஐயா, இப்பத் தெரியுதா?

– தொட்டாத்தானே தெரியும்.

– அப்பக் கேட்டுக்கோங்க. உங்க மனைவிக்கு வந்தது வெண்புள்ளி. ஊர் வச்ச பேர்லதான் குஷ்டம் இருக்கு, அவங்க தோல்ல இல்ல. அது யாருக்கும் ஒட்டாது. பஞ்சு பட்டாக்கூட அவங்களுக்குத் தெரியும். உங்க தேமல் மேல இவ்வளவு நேரம் தொட்டதே உங்களுக்குத் தெரியல. உங்களுக்கு இருக்கிறதுதான் தொழுநோய்.

– என்ன சொல்றீங்க? எனக்கா?

– பயப்பட ஒண்ணுமில்ல. மாத்திரை இருக்கு, விடாம முழுங்கினா முழுசாக் குணமாகும். தட்டைத் தனியா வைக்க வேணாம்னு உங்க வீட்ல நானே பேசுறேன். ஆனா கடுதாசின்னு எழுதினா இப்படித்தான் எழுதணும்: இவர்கூட ஒரே வீட்ல இருந்த எல்லாரையும் பரிசோதிக்கணும். இது வெளியத் தெரிய வருஷக்கணக்காகும், அதனால உங்க மனைவியையும்தான். அவங்களால உங்களுக்கு வரல. உங்களால அவங்களுக்கு வந்திருக்கான்னு பாக்கணும்.

– என்னாலயா? அவளுக்கா?

– நீங்களே கூப்பிட்டுச் சொல்லணும்.

– மாட்டேன். செத்தாலும் அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்.

– அதையும் பாக்கலாம். கண்ணு மூடியே இருக்கட்டும். நர்ஸம்மா, இனிமே நீங்க பேசலாம். அந்தத் தேமல் மேல மொத்தம் எத்தனை தடவை தொட்டீங்க?

– பத்து தடவை, டாக்டர். அதுல ஏழு, இந்த வெள்ளை விழுந்த வெறுங்கையால. திரும்பிப் பாருங்க, வாசல் தேடி அலைய வேணாம், நான் வேலை பாக்குற இடம் இதுதான். 'தொடாத'ன்னு தெருவே கேக்கக் கத்துனீங்களே, தொட்டது தெரிஞ்சுதா?