காது கேளாத கார்

பழைய கார் வைத்திருப்பவன் பேச்சுத் துணைக்கு ஆள் தேட வேண்டியதில்லை, ஐயா. காரே பேசிக்கொண்டிருக்கும். என்னுடையது அப்பா விட்டுப்போனது, என்னைவிட மூத்தது. கிளப்பினால் கதவு புலம்பும், தரை பல்லைக் கடிக்கும், டிக்கி இருமும். எங்கள் மலையூர்க் குளிர்காலத்தில் காற்று பெடல் ஓரமாக நுழைந்து, கால்சட்டைக்குள் ஏறி நலம் விசாரிக்கும். எனக்குக் கல்யாணம் ஆகாததற்குக் காரணம் அந்தக் கார்தான் என்பாள் அக்கா. முகத்தைச் சொல்லாமல் காரைச் சொன்னது அவளுடைய பெருந்தன்மை.

அக்கா வீட்டு மாடி அறையில் இருந்தேன். கார் கீழே, சமையலறையை ஒட்டிய ஷெட்டில். வீடு, ஷெட் இரண்டும் அத்தானுடையவை. அத்தான் வெளியே தங்கமான மனிதர். வீட்டுக்குள் வந்தால் அக்கா மேல் கை நீளும். மாடித் தரை மெல்லியது, எனக்கு எல்லாம் கேட்கும். ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பேன். ஒரு தடவை தைரியமாக இறங்கிப் போய், "அத்தான், பால் இருக்கா?" என்று கேட்டேன். என் வீரத்தின் உச்சம் அதுதான். அவர் பாலையும் கொடுத்து, "எங்க விஷயத்துல மூக்கை நுழைச்சா, நீயும் உன் தகர டப்பாவும் தெருவுலதான் மாப்ளே," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அந்த வாரமே காருக்குச் சத்தமும் குளிரும் புகாதபடி வேலையைத் தொடங்கினேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

சீட்டுகளைக் கழற்றித் துருவைச் சுரண்டினேன். தார் பூசிய தடித்த விரிப்பை, அக்காவின் ஹேர் டிரையரால் சூடாக்கித் தகரத்தோடு ஒட்டினேன். அதற்கு மேல் நார் மெத்தை. கூரைத் துணிக்குப் பின்னால் நுரை ஷீட், கதவுகளுக்குப் புது ரப்பர். முன்பு தட்டினால் வெண்கலக் குடம் மாதிரி ஒலித்த தகரம், பூசணிக்காயைத் தட்டியது போல 'தொம்' என்றது.

சோதித்துப் பார்க்க அக்காதான் ஆள். நான் உள்ளே உட்காருவேன், அவள் வெளியே நின்று கத்துவாள். கேட்டால் அவள் சொன்னதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் கட்டைவிரலை உயர்த்த வேண்டும். கிடைத்த வாய்ப்பை அவள் வீணாக்கவில்லை.

"டேய் சோம்பேறி! குளிச்சு எத்தனை நாளாச்சு?"

"உன் மூஞ்சிக்கு இந்த வண்டி எவ்வளவோ தேவலடா!"

ஒவ்வொரு அடுக்குக்கும் குரல் தேய்ந்தது. வேலை முடிந்த அன்று வாய் மட்டும்தான் அசைந்தது. கட்டைவிரலை உயர்த்தினேன். அவள் கதவைத் திறந்தாள்.

"நிஜமாவே கேக்கலையாடா? அப்ப எனக்கும் கொஞ்சம் இடம் குடு."

பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். உதடு கிழிந்திருந்தது. பார்த்தேன். சீட்டைச் சாய்த்து வசதி பண்ணிக் கொடுத்தேன். மனசு இல்லாதவன் என்று மட்டும் என்னை எழுதிவிடாதீர்கள்.

அதன் பிறகு வீட்டில் சத்தம் கிளம்பினால் நான் காருக்குப் போய்விடுவேன். மாடியைவிட அங்கே கதகதப்பு.

அன்று குழாய்த் தண்ணீரே உறைந்துபோன சாயங்காலம். அத்தான் அக்கா தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, ஷெட்டுக்குள் தள்ளி, வீட்டுக் கதவைத் தாழிட்டார். இதை அவரே உங்களிடம் சொல்லியிருப்பார். ஷெட்டின் தெருப்பக்கக் கதவைக் காற்று வராமல் நான் பூட்டி வைத்திருந்தேன். சாவி என் சட்டைப் பையில்.

நான் காருக்குள் கம்பளியோடு இருந்தேன். அவள் வந்து கண்ணாடியைத் தட்டினாள். வாய் அசைந்தது. சமையலறை ஜன்னலில் அத்தான் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டைவிரலை உயர்த்தினேன். பழக்கதோஷம். அவள்கூட ஒரு கணம் சிரித்தாள். விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள். பிறகு மறுபடி தட்டினாள்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை, ஐயா. அது அப்படிப்பட்ட வேலை. "விளையாடாதடா தம்பி, கை விறைக்குது" என்றது கேட்கவில்லை. "அவர் உன்னை ஒண்ணும் சொல்லாம நான் பாத்துக்கறேன்டா, ஓரமா உக்காந்துக்கறேன்" என்றதும் கேட்கவில்லை. கடைசியில் பேரைச் சொல்லாமல், சின்ன வயதில் கூப்பிடுவது போல "குட்டிப்பா" என்றாள். அதுவும்தான்.

பிறகு ஜன்னலில் விளக்கு அணைந்தது. அத்தான் போய்விட்டார் என்று தெரிந்தது. அப்போது திறந்திருக்கலாமே என்கிறீர்கள். அவள் தட்டுவதை நிறுத்தியிருந்தாள். சமாதானமாகி உள்ளே போயிருப்பாள் என்று நினைத்துக் கண்ணை மூடினேன்.

விடிந்ததும் என் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. ரப்பர் உறைந்து ஒட்டிக்கொண்டது என்று நினைத்துத் தோளால் தள்ளினேன். அவள் அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அடுத்த பக்கமாக இறங்கி வந்துதான் பார்த்தேன். உங்களுக்கு ஃபோன் செய்ததும் நான்தான்.

கார்க் கதவுகளின் பூட்டுக் குமிழ்களை எப்போது அழுத்தினேன் என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். அவள் கைப்பிடியைத் தொட்ட பிறகுதான். முன்பே யோசித்து வைத்ததெல்லாம் இல்லை. அவளுக்கு உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டியது. அப்படியே ஏறினால் அடியிலிருக்கும் நார் மெத்தை நனைந்துவிடும், ஐயா. அதில் ஒரு தரம் ஈரம் இறங்கிவிட்டால் அப்புறம் காய்வதே இல்லை.