அந்த ரெண்டு ரன்

கார்த்திகை மாதம், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ். சபரிமலைக்கு மாலை போட்ட இருவர் முன் சீட்டில். ஒருவர் போனைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"கடைசி பேட்ஸ்மேன் சாமியத் தூக்கிப் போட்டு மிதிக்கணும், சாமி."

"மாலை போட்டுட்டு ஏசக் கூடாதுல்லா சாமி."

"ரஞ்சியில டிரா ஆனா, மொத இன்னிங்ஸ் லீடுக்குத்தான் மூணு பாயிண்ட். இன்னும் ரெண்டு ரன் எடுத்தா லீடு. அந்த சாமி சிக்ஸருக்குத் தூக்குதாரு! அவுட்டு. நமக்கு ஒத்தப் பாயிண்ட். வெயில்ல நின்னு ஆடுன மத்த சாமியெல்லாம் கிறுக்குச் சாமியளா?"

"விடுங்க சாமி. மிச்ச லீக் மேட்ச் தையிலதான."

"தையில என் கழுத்துல மாலை கெடக்காது. அப்பமும் அந்தாள சாமின்னு கூப்பிடுதேனான்னு பாருங்க."