முந்திப் போன கனிசியஸ்

பங்குத் தந்தை அவர்களே, மேடையிலிருக்கும் மூப்பர்மாரே, போருக்குப் பயந்து குருநகரை விட்டு ஓடிவந்து இந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்திருக்கும் என் சனங்களே, கனிசியசின் மனைவி றோஸ் அவர்களே, எல்லோரையும் கண்ணீரோடு வணங்குகிறேன்.

நேற்று நெஞ்சுநோவில் சட்டென்று போய்விட்ட நம் கனிசியசுக்காக, கோவிலில் செபம் சொல்லும் அண்ணாவியார் நீக்கிலாப்பிள்ளையாகிய நான் அழத்தான் வேண்டும். அழுகிறேன். ஆனால் எனக்கு எரிச்சலும் வருகிறது! செத்த வீட்டில் பொய் சொல்லக்கூடாது, சொல்லிவிடுகிறேன்.

யார் இந்தக் கனிசியஸ்? கள்ளுத் தவறணை திறக்குமுன்பே அதன் வாசலில் நின்றவர். திருநாளில் கொடிமரத்தடியில் சண்டை பிடித்தவர். ஒருநாள் கடலில் கச்சான் காற்றடித்துத் தோணி புரண்டு, அதைப் பிடித்தபடியே கிடந்து கரைசேர்ந்தார். வீட்டுக்குப் போனாரா? இல்லை! இடுப்பில் ஈரச் சாரத்தோடு கோவிலுக்குள் வந்து முழந்தாளிட்டார். "இண்டைக்குத் தவறணை பூட்டாக்கும்" என்று பகிடி பண்ணினவன் நான்தான். அதன்பிறகு அவர் குடிக்கவேயில்லை.

பிறகு நடந்ததென்ன? சாகக் கிடப்பவர்கள் எல்லோரும் பக்கத்திலிருந்து செபம் சொல்லக் கனிசியசைக் கேட்டார்கள்! சின்ன வயதிலிருந்து பூசை தவறாத நான் இருக்க, மன்றாட்டு மாலையை மனப்பாடமாய்ப் பாடும் நான் இருக்க, பரலோக மந்திரத்திலேயே தடக்குப்படும் கனிசியசைக் கேட்டார்கள்! திராட்சைத் தோட்டத்தில் விடியத் தொடங்கிக் கொத்தினவனுக்கும் பொழுதுபட வந்தவனுக்கும் ஒரே கூலியா, ஆண்டவரே?

போன மாரியில் என் மனைவி அருமைநாயகி படுக்கையில் விழுந்தாள். நான் செபப் புத்தகத்தை விரித்தேன்.

"இஞ்சாருங்கோ, கனிசியஸ் அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"ஏன், நான் சொன்னால் மோட்சத்துச் சம்மனசுகளுக்குக் கேளாதோ?"

"நீங்கள் சொன்னால் செபம் வடிவாயிருக்கும். அவர் வந்தால் எனக்குப் பயம் போகும்."

சபையோரே, என் சைக்கிளிலேயே அவரை ஏற்றிக்கொண்டு வந்தேன்! கதவடியில் நின்று கேட்டேன். பெரிய பிரசங்கமா செய்தார்? அவள் கையைப் பிடித்து, "தங்கச்சி, என்னையே இழுத்துக் கரையேத்தின ஆண்டவர், உன்னைத் தண்ணிக்குள்ளை விடுவாரோ?" என்றார். அருமைநாயகி சிரித்தாள். சிரித்தபடியே போனாள். என்னோடு வாழ்ந்த காலமெல்லாம் அந்தச் சிரிப்பை நான் கண்டதில்லை.

இப்போது மோட்சத்துக்கும் முந்திக்கொண்டார்! அங்கே அவளை முதலில் காணப்போகிறவரும் கனிசியஸ்தான். பொறுக்குமா எனக்கு?

எழும்ப முடியாமல் கிடக்கும் லூர்த்தம்மா இன்று காலையில் ஆள் அனுப்பியிருக்கிறார். "கனிசியஸ் அண்ணையும் போயிட்டார், எனக்கு இனி ஆர் வரப்போகினம்?" என்று கேட்டிருக்கிறார். நான் போகிறேன், லூர்த்தம்மா! இந்தச் சபை அறிய வாக்குத் தருகிறேன்: கனிசியஸ் போன வீடுகளுக்கெல்லாம் இனி நான் போவேன். செபப் புத்தகத்தை இந்த மேசையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். லூர்த்தம்மாவின் கையைப் பிடித்து, எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன்:

"பிள்ளை, செத்தவனிலையே பொறாமைப்படுற என்னையே அவர் இன்னும் கைவிடேல்லை. உன்னை விடுவாரோ?"